சாம்பிள்

"நாலஞ்சு பிடிச்சுக்கிட்டு வாம்மா, பார்க்கலாம்" என்றார்
வேளாண்மை ஆபீசில் போனை எடுத்தவர்.
புகாருக்குச் சாம்பிள் வேண்டுமாம்.

பிடிப்பதில் சிரமம் ஒன்றுமில்லை.
கொட்டத்தில் காலை வைத்துப்
பத்து எண்ணுவதற்குள் முழங்கால் ஏறிவிடும்.
கடிக்காது.
அதைச் சொன்னால்தான் ஒருவரும் நம்புவதில்லை.
வயிற்றை வளைத்து எதையோ பீய்ச்சும்.
எரியும்.
மூன்றாம் நாள் தோல் செதில்செதிலாய் உரியும்.
மஞ்சள் நிறம், மயிரிழைக் கால்கள்,
வரிசை தெரியாது, வழி தெரியாது,
சட்டியில் போட்ட கடுகுமாதிரி
எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் ஓடும்.

மாசியில் வெள்ளாடு ரெட்டைக்குட்டி போட்டது.
ஈரம் காயாத முகத்தில் அப்பிவிட்டன.
தாய் நக்கி நக்கி
நாக்கு வெந்து நின்றது.
ஒன்று அன்றைக்கே போனது.
மற்றதன் கண்ணில்
பால் ஊற்றினாற்போல் படலம்.
செசிலியா டாக்டர் விரலை ஆட்டிக் காட்டினார்.
குட்டி விரலைப் பார்க்கவில்லை,
அவர் வளையல் சத்தத்தைப் பார்த்தது.
எறும்பூரக் கல்லும் தேயுமாம்.
எங்கள் மலையடிவாரத்தில்
கல்லெல்லாம் அப்படியே இருக்கிறது.

மழைக்கு முன்னால்
முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும் கறுப்பெறும்பு
இந்த வருஷம் ஓடவில்லை.
மாமரத்து முசுறுக்கூடு காற்றில் ஆடுகிறது, காலியாக.
ஓணான் இல்லை.
பாம்பும் இல்லையென்று முதலில் சந்தோஷம்தான்.
வரப்பில் கிடந்த சாரைச் சட்டையை
ஒருநாள் குச்சியால் தூக்கினேன்.
சட்டை இல்லை அது.
உள்ளே முள் முழுசாய் இருந்தது.

மல்லிகைச் செடியில்
மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று
சொட்டுச் சொட்டாய்க் கறந்து குடிக்கிறது.
எங்கள் ஆடு மடி வற்றிவிட்டது,
அதன் கறவைக்குக் குறைவில்லை.
பூ எடுக்கக் கூலிக்கு ஆள் வருவதில்லை.
இருளாயி கொய்யாத்தோப்பைப் போட்டுவிட்டுத்
திருப்பூருக்குப் பனியன் மடிக்கப் போய்விட்டாள்.
எங்கிருந்து வந்ததென்று கேட்டால்
நர்சரிக் கன்றோடு என்கிறார் ஒருவர்,
மரலாரியில் என்கிறார் இன்னொருவர்.
அது நடந்து வரவில்லை, அவ்வளவுதான் தெரியும்.
யாரோ தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

ஊறுகாய்ப் பாட்டிலில் ஒரு கை அளவு
துடைப்பக்குச்சியால் வழித்துப் போட்டேன்.
மூடியில் ஆணியால் ஓட்டை போட்டான் அருண்பாண்டி.
"மூச்சு முட்டும்ல?"
குருட்டுக்குட்டியைப் பக்கத்தில் போட்டுத் தூங்குகிறவன்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

காலை பஸ்ஸில் நிற்க இடமில்லை.
கூடையை சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.
பக்கத்தில் பூ மூட்டை,
அதற்கப்பால் யார் வீட்டுக்கோ வாழைத்தார்,
சாக்கில் வேர் கட்டிய ரெண்டு மாங்கன்று.
ஊமச்சிகுளம் தாண்டி
பறக்கும் பாலத்தில் காற்று அடித்தது.
கண் அசந்துவிட்டேன்.

ஆபீசர் பாட்டிலை வாங்கி
டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.
ஒருமுறை குலுக்கினார்.
"ஏழு இருக்கு. அஞ்சு செத்திருக்கு."
நோட்டில் எழுதினார்: மாதிரி பெறப்பட்டது.
கையெழுத்து வாங்கிக்கொண்டார்.
ஏழா என்று நான் கேட்கவில்லை.
மூடியைப் பார்த்தேன்.
பூ மூட்டைக்காரி எங்கே இறங்கினாள்
என்று யோசித்துப் பார்த்தேன்.
மாங்கன்று எந்தத் தெருவுக்குப் போனதோ.

திரும்பும்போதும் அதே பஸ்.
காலையில் நான் இருந்த சீட்டில்
பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி
புத்தகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல்
கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

கொசுவாக இருக்கும்.