மீதிச் சொல்

நாங்கள் ஏழு பேர்.
எட்டாவதாக வருகிறேன் என்ற ஊட்வார்
பனி வாரும் வண்டியோட்டப் போய்விட்டான்,
அதுவும் எண்ணெய்க் கம்பெனியின் முற்றத்துக்கு.

சோல்ஃப்ரிட் வீட்டுப் படுக்கை விரிப்பில்
படகுக் கொட்டிலுக்குப் பூசி மிஞ்சிய சிவப்பில் எழுதினோம்:
இந்தக் கடலில் வேண்டாம்.
'வேண்டாம்' காய்வதற்குள் உறைந்தது.
மடித்தால் முறியுமென்று
கதவைத் தூக்குவதுபோல் தூக்கிப் படகில் வைத்தோம்.

ஹாமர்ஃபெஸ்டில் நவம்பர் கடைசி.
நடுப்பகலில் வானம் ஒருமுறை நீலமாகும்,
அவ்வளவுதான் பகல்.
அதற்குள் போய்விட வேண்டும்.

விரிகுடாவில் துளைமேடை
ஊரைவிட அதிக விளக்குகளோடு நின்றது.
அதன் காலடியில் எங்கள் எஞ்சின்
இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது.
டேங்கில் சொட்டு இல்லை.

மேலேயிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள்
ஒரு கேன் பெட்ரோல்.
கூடவே சிரிப்பு.
கூடவே, சொல்லத்தான் வேண்டும்,
ஒரு ஃப்ளாஸ்க் காப்பி.
சூடாக இருந்தது. குடித்தோம்.

திரும்பும் வழியெல்லாம் பேச்சில்லை.
கரை தட்டியபோது அஸ்லாக் சொன்னான்:
'கெட்டவர்களாக இருந்து தொலைத்திருக்கலாம்.'

மறுநாள் ஐந்து பேர். நான்கு துடுப்பு.
கேனை நிரப்பி, ஃப்ளாஸ்கைக் கழுவி
எடுத்துக்கொண்டோம், திருப்பிக் கொடுக்க.
பாதி தூரத்தில் நீலம் தீர்ந்தது.
உள்ளங்கை கொப்பளித்து
கையுறையோடு ஒட்டிக்கொண்டது.

மேடையில் யாரோ ஒரு விளக்கை
எங்கள் பக்கம் திருப்பினார்கள்.
விரட்டவா, வழிகாட்டவா, தெரியவில்லை.
அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தோம்:
உறைந்த சொல் உதிர்ந்து போயிருந்தது.
'இந்தக் கடலில்' மட்டும் சிவப்பாக மிச்சம்.

துடுப்பை நிறுத்தி
மீதியைக் கத்தினோம்.