கோழிவலை

மரப்பாலத்துக்குக் கோழிவலை அடிப்பது என் வேலை.
மழை பாசியாகும், பாசி வழுக்கும்.
போன டிசம்பரில் ஒரு ஜெர்மன்காரர்
கணுக்காலை முறித்துக்கொண்டார்.
பலகைக்கு ஆறு ஆணி, வலைக்கண் சிறிது.
அதற்குமேல் நடப்பவர் பாடு.

வேல்ஸின் வடக்கே
ஹெலிக் ஆறு மலையை வகிர்ந்து இறங்கும் இடம்.
பாலம் தாண்டினால் பாதை இரண்டு.
கீழ்ப்பாதை ஆற்றோடு போகும், சக்கர நாற்காலிக்கும் தோது.
மேல்பாதை பழைய சிலேட்டுக் குவாரிக்கு,
முந்நூற்று எழுபத்திரண்டு படி.
வரைபடம் முந்நூற்று அறுபது என்கிறது.
வரைபடம் போட்டவர் ஏறியிருக்கமாட்டார்.

வியாழக்கிழமைகளில் டெகிட்டும் நெஸ்தாவும் வருவார்கள்.
அவர் பேருந்து ஓட்டுகிறவர்.
அவளுக்கு வலது முட்டி மூன்றாண்டாக எஃகு.
பிரியும் இடத்தில் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல்
அவர் மேலே, அவள் கீழே.

குவாரி விளிம்பில் நின்று அவர் தொப்பியை எடுப்பார்.
பெஞ்சில் இருந்து அவள் ஃபிளாஸ்க் மூடியைத் தூக்குவாள்.
நடுவே ஆறு தொண்டை கிழியக் கத்துவதால்
எல்லாம் சைகைதான்.
தலையில் கை வைத்தால் மழை வருகிறது.
இரண்டு கையையும் விரித்தால்
இன்றைக்கும் அதே ஆடு.

போன வாரம் டெகிட் விளிம்புக்கு வந்தபோது
பெஞ்சில் ஃபிளாஸ்க் மட்டும்.
படிகளை எப்படி இறங்கினாரோ தெரியாது.
வந்ததும் முதலில் ஆற்றைத்தான் பார்த்தார்.
நானும் பார்த்தேன்,
சுத்தியலைக் கீழே வைக்காமல்.

மேலிருந்து ஒரு சீழ்க்கை.

வாயில் இரண்டு விரல் வைத்து
விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள் நெஸ்தா.
முப்பத்தெட்டு வருடத்தில்
அவளுக்குச் சீழ்க்கையடிக்க வரும் என்று
அவருக்குத் தெரியாதாம்.
அந்தக் காலத்தில் கல்வண்டிகளைக் கயிறு கட்டி இறக்கிய சரிவில்,
படியே இல்லாத வழியில்,
உட்கார்ந்து, பின்னோக்கி, கையை ஊன்றி ஊன்றி
ஏறிப் போயிருக்கிறாள்.
பாவாடையின் பின்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது
"இதுதானா?" என்றாள்.

இதுதான்.
வெட்டிய குழியில் பச்சைத் தண்ணீர்.
ஒரு ஆடு.
ஊர் ஊராகக் கூரை அனுப்பியவர்கள் படுத்திருந்த கொட்டகை,
கூரை இல்லாமல்.
சுற்றிலும் கழிவுக்கல்.
பத்துப் பங்கு வெட்டினால் ஒன்று வீட்டுக்கு, ஒன்பது சரிவுக்கு.
அந்த ஒன்பதைத்தான்
மலை என்று படம் எடுத்துப் போகிறார்கள்.

"இத்தனை நாளாய்த் தொப்பியைக் கழற்றினீர்களே,
ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்."

டெகிட் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:
"இங்கிருந்து பெஞ்சு நன்றாகத் தெரியும்."

அவள் குனிந்து பார்த்தாள்.
பெஞ்சு தீக்குச்சியளவு. ஃபிளாஸ்க் தெரியவே இல்லை.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
தலையில் கை வைத்தாள்.
பெய்யவும் ஆரம்பித்தது.

இறங்க இரண்டு மணி நேரம்.
இருநூற்றுப் பதினாலாம் படியில் உட்கார்ந்துவிட்டாள்.
ஃபிளாஸ்க்கை அங்கேயே விட்டுவந்தது
யார் யோசனை என்று இருவருக்கும் சண்டை.
இத்தனை வார்த்தை பேசி அன்றுதான் கேட்டேன்.
பிடித்திருந்த கயிற்றோடு நான் நனைந்தேன்.

சிலேட்டுப் படியில் ஆணி இறங்காது.
அடித்தால் ஏடு ஏடாகப் பிரிந்துபோகும்.
ஆகவே இந்த வாரம்
ஓரமாக ஒரு கயிறு கட்டினேன்.
இருநூற்றுப் பதினாலை அகலமாக்கி
ஒரு பலகையும் போட்டேன்,
கால்களுக்கு ஆறு ஆணி.
யாரும் சொல்லவில்லை, கணக்கிலும் எழுதவில்லை.

படிகள் இப்போது முந்நூற்று எழுபத்தொன்று.