ஒளிக்கு நின்றவன்

நடிகர் சங்கத்துக்குப் பின்னால் எங்கள் சந்து.
பன்னிரண்டு அறை, ஒரே குழாய்,
கதவில்லாத குளியல் மறைப்பு.
பங்குனி பிறந்தால் காரைக்குடியில்
பகலில் தூங்குகிற தெரு இது ஒன்றுதான்.
விடியலில் வேன் வந்து
ராஜாக்களைக் கைலியோடு இறக்கிவிட்டுப் போகும்.
முருகன் பீடி கேட்பான்.
பபூன் மலைக்கண்ணு பால் வாங்க ஓடுவார்.
டான்ஸ் சொர்ணம் சலங்கையைக் கழற்றி
அரிசிப் பானைக்குள் ஒளித்துவைப்பாள்;
போன மாதம் யாரோ அதை அடகு வைத்துவிட்டார்கள்.
யாரென்று எல்லோருக்கும் தெரியும்.
அவனும் எங்களோடுதான் சாப்பிடுகிறான்.

நான் வந்தது பதினேழு வயதில்.
தேவகோட்டையில் அப்பாவின் இரும்புக்கடை.
ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவன்
எடைக்கல்லைத் தட்டிலேயே விட்டுவிட்டு
பஸ் ஏறிவிட்டேன்.

இதையெல்லாம் ஒரு ராத்திரி
மெட்ராஸ் தாடிக்காரர் ஒருவரிடம் சொன்னேன்.
பரோட்டாவுக்கு அவர்தான் காசு கொடுத்தார்.
எட்டு மாதம் கழித்துக் கானாடுகாத்தானில்
லாரி லாரியாய் விளக்குகள் வந்து இறங்கின.
நாடகக்காரச் சந்தில் வளரும் ஒரு பையனின் கதையாம்.
பையனுக்கு என் தெத்துப்பல்,
என் பஸ், என் எடைக்கல்.
சேவுகன் என்ற பெயரை மட்டும்
நாகரிகமாக மாற்றியிருந்தார்கள்.

பூட்டிக் கிடந்த வீட்டின் இரண்டாம் வளவுக்குள்
எங்கள் சந்து அப்படியே நின்றது.
ஆத்தங்குடிக் கல்லின்மேல் அட்டை விரித்து
அட்டையின்மேல் அழுக்குத் தெளித்திருந்தார்கள்.
தெளிக்கிற ஆளுக்கு நாளைக்கு எண்ணூறு.
சொர்ணம் சுற்றிப் பார்த்துவிட்டு,
"நம்மளத விட வசதிதான், கொழாயில தண்ணி வருது" என்றாள்.

கதாநாயகன் வளசரவாக்கத்துப் பையன். நல்லவன்.
"ப்ரோ, ஓடி வந்த அன்னைக்கு அழுதீங்களா?"
பசித்தது என்றேன்.
எழுதிக்கொண்டான்.

எனக்கு வேலை ஒளிக்கு நிற்பது.
அவன் வரும்வரை அவன் இடத்தில் நான்.
கன்னத்தில் மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள்.
"மூக்கு நிழல் விழுது, அரை அடி பின்னால."
போவேன்.

பதினோராம் நாள்
அப்பா மகனைத் தேடி வரும் காட்சி.
அறைகிறார்; மகன் ஒரு பக்கம் எதிர்த்துப் பேசுகிறான்.
அப்பாவாக நடித்தவர்
வெளிச்சம் பார்க்கிற நேரத்திலும்
முழுசாக நடிக்கிற ஆள்.
மஞ்சள் பையோடு முற்றத்தைக் கடந்து வந்தார்.
எதிரே நின்றார்.
அறையவில்லை.
பைக்குள் கைவிட்டு அந்த எடைக்கல்லை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்து
"சாப்ட்டியாடா?" என்றார்.

வசனத்தாளில் அது இல்லை.
என் அப்பா என்னைத் தேடி வரவுமில்லை.
கல் தெர்மாகோலில் செய்தது,
கறுப்புச் சாயம் கையில் ஒட்டியது.
தூக்க முடியாமல்
கை கீழே போனது.

கேமரா ஓடவில்லை.
உத்தரத்தில் கால் தொங்கப்போட்டிருந்தவன்
"லைட் ஓகே" என்று கத்தினான்.
பையன் வந்தான், நான் நகர்ந்தேன்.
பதினான்கு தரம் அறை விழுந்தது.
நன்றாகத்தான் பேசினான். கை தட்டினோம்.

படம் இங்கே ஒன்பது நாள் ஓடியது.
சந்தே திரண்டு போனோம்.
வெளியே வரும்போது மலைக்கண்ணு கேட்டார்:
"ஒங்கதைன்ன, அந்தப் பய கடைசில ஜெயிக்கிறானே?"

சித்திரையில் ஆட்டமில்லாத ஒரு நாள்
தேவகோட்டைக்குப் போனேன்.
மின்தராசு வாங்கியிருந்தார்.
"கால் கிலோ ஆணி" என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார்.
லாரி ஒன்று போய், தூசி அடங்கும்வரை பார்த்தார்.
"எத்தன இஞ்சு?"
"சீன் படுதாவுக்கு."
"அப்ப ரெண்டு போதும்."
காசை எண்ணி வாங்கி, சில்லறை தந்தார்.

சந்துக்கு வந்ததும்
பபூன் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்து,
"கால் கிலோவா இது?" என்றார்.