தாமதக் கட்டணம்

பின்னேரம் மூன்றுக்கே பூட்டு, இந்த மாதம் முதல்.
மாவாலை வேலை விட்டு நான் வந்து சேர
நூலகப் படியில் மான்கள் படுத்திருக்கும்,
முந்தாநாள் தினசரியை மென்றபடி.
இன்றைய தினசரிக்குக் காசில்லையாம்.

"தண்டப்பணம் ஒன்றுதான் நாங்கள் காட்டும் வருமானம்"
தவச்செல்வி ஒருநாள் வாய்விட்டுச் சொன்னா.
அதிலிருந்து
புத்தகங்களை வேண்டுமென்றே பிந்திக் கொடுக்கிறேன்.
றிஸ்மியாவின் வாப்பாவும் அப்படித்தான்:
ஐம்பது ரூபாய், பற்றுச்சீட்டு, ஒரு கள்ளச் சிரிப்பு.

நேற்றுக் கேட்டேன்,
அந்தக் காசில் என்ன வாங்கினீங்கள்?
"அது நேரே சபைக்குப் போயிடும்.
மைதானத்துக்கு லைட் போடுகினமாம்."

சைக்கிளை அந்தப் பக்கமாய் விட்டேன்.
பகல்போல் வெளிச்சம், பந்தடிக்க ஒருவருமில்லை.
கம்பத்தடியில் ஆட்டோ.
பின்சீற்றில் கால்மடக்கி
கணக்குச் செய்கிறாள் றிஸ்மியா.
பிந்திவிட்ட நாவலால்
வாப்பா நுளம்பு விரட்டுகிறார்.