நிழல் விலை

சோஹாரில் நேற்று மாலை ஐந்து நாற்பதுக்குச்
சுடர்க்கோபுரத்தை அணைத்தார்கள்.
பதினோரு வருடம் இரவும் பகலும் எரிந்தது.
அலுவலகத்தில் கேக் வெட்டினோம்,
மேலே பச்சை கிரீமில் ஓர் இலை.

என் வேலை எண்கள்.
எத்தனை கனமீட்டர் வாயு வீணாய் எரிந்தது,
அது எத்தனை டன் கார்பன்,
டன்னுக்கு என்ன விலை.
யாரும் கேட்காத, யாரும் கொடுக்காத விலை.
ஒருநாள் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில்
புத்தகத்துக்குள் நாங்களே வைத்துக்கொண்டது.
நிழல் விலை என்று அதற்குப் பெயர்.
(நிழலுக்கு இங்கே விலை உண்டென்று
ஜூன் மாதத்தில் குழாய்க்குப் பற்றவைக்கும்
இசக்கிராஜாவிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.)

பத்து டாலர் போட்டேன்:
கம்ப்ரஸர் கட்டுப்படியாகாது என்றது தாள்.
இருபத்தைந்து: ஒன்பது வருடத்தில் முதல் திரும்பும்.
"நாற்பது போடுங்கள்," என்றாள் பொறியாளர் ரய்யா,
பேரீச்சங்கொட்டையைக் காகிதக் குவளையில் துப்பியபடி.
ஐந்தே வருடம்.
மேலே கையெழுத்தானது.
ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினேன்,
பத்தொன்பது மாதம் கழித்து
ஒரு தீ இல்லை.

முகாமில் யாரும் கைதட்டவில்லை.
மெஸ்ஸுக்குப் பின்னால்
அந்த வெளிச்சத்தில்தான் கேரம் ஆடுவார்கள்.
காயப்போட்ட சட்டையை அந்த வெளிச்சத்தில்தான்
தன்னுடையதா என்று பார்த்து எடுப்பார்கள்.
மரியசிங்கம் செல்போன் டார்ச்சை
வாயில் கவ்விக்கொண்டு காய் அடுக்கினான்.

"அந்த வாயு எல்லாம் இப்ப எங்க போகுது?"
குழாய் வழியாக மின்நிலையத்துக்கு.
"அங்க?"
எரியும்.
"அப்ப அணையலையே."

சொல்லிப் பார்த்தேன்:
இது எரிவதால் அங்கே வேறொன்று எரியாமல் இருக்கும்,
அந்த எரியாததுதான் லாபம், அதைத்தான் எண்ணுகிறோம்.
"எரியாதத பாத்திருக்கீங்களா?"
இல்லை.
என் தாளில் அதற்கு ஒரு பத்தி உண்டு.
முதலீடு முழுக்க அந்தப் பத்தியின் மேல்தான் நிற்கிறது.
பொய்யில்லை அது. ஆனாலும்
காட்டு என்றால் காட்ட முடியாது.

இரவு ஒன்பதுக்கும் முப்பத்தாறு டிகிரி.
கடல் பக்கமிருந்து பிசுபிசுப்பாய் ஒரு காற்று.
எட்டுக் கட்டில் அறையின் ஏசி சொட்டும் தண்ணீருக்கு
யாரோ பெயிண்ட் வாளி வைத்திருந்தார்கள்,
அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

மெஸ் ஜன்னலிலிருந்து ஒயர் இழுத்து
ஒரு குண்டு பல்பு கட்டினார்கள்.
எத்தனை வாட் என்று கண் தானாகப் பார்த்தது.
நூறு.
எல்ஈடி வாங்கித் தரலாம் என்று வாயெடுத்தேன்,
இசக்கிராஜா அடித்துவிட்டான்.
சிவப்பு குழி விளிம்பில் நின்று
உள்ளே போகவில்லை.
பழைய வெளிச்சத்தில் போயிருக்கும் என்றான்.