நான்காம் வேற்றுமை நோய்

அக்குரெய்ரியில், விளம்பரங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன்.
காலையில் இறைச்சிக் கடைக்காரர் அனுப்பினார்:
'புகையிட்ட ஆடு தொடை, பாதி விலை.'
ஆடு ஒரு பக்கம் நின்றது,
தொடை மறுபக்கம் கிடந்தது.
டகரத்தை இரட்டித்து, ஒற்று மிகுத்து, இடைவெளியை மூடி
ஆட்டுத்தொடை ஆக்கினேன்.
உயிர் வரவில்லை; இலக்கணம் வந்தது.

அடுத்து ஒரு மெத்தைக் கம்பெனி:
'எங்கள் மெத்தையில் உறங்கியபடியே விலை உங்களை எழுப்பும்.'
உறங்குவது யார், விலையா? என்று ஓரத்தில் எழுதிக் கேட்டேன்.
பதில் இல்லை.
உறங்கியிருக்கலாம்.

அதற்கடுத்து ஐஸ்கிரீம்.
பனி கொட்டும் பிப்ரவரியில், கொட்டை எழுத்தில்:
'உனக்கு ஏங்குகிறதா?'

எங்கள் மொழியில் ஏக்கம் யாருக்கும் வருவதில்லை.
அது ஆளைப் பிடிக்கும், சளி பிடிப்பதுபோல.
ஆகவே 'உன்னை'. இரண்டாம் வேற்றுமை.
'உனக்கு' என்று சொன்னால் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்:
நான்காம் வேற்றுமை நோய்.
மருந்து எளிது.
முதல் எழுத்தைத் தொடாதே.
பின்னிரண்டை அடி, வேறிரண்டை எழுது.

ஏழு வயதில் எனக்கும் அந்த நோய் இருந்தது.
வகுப்பில் 'எனக்கு' என்று பால் கேட்டேன்.
'உன்னையா, உனக்கா?' என்றார் ஆசிரியை,
மூன்று தடவை.
பால் முன்பே ஆறியிருந்தது.
சூடேறியது காதுதான்.

எங்கோ ஒரு மொழியில்
பசி, தாகம், தூக்கம் எல்லாமே நான்காம் வேற்றுமையில்தான் வருமாம்.
எனக்குப் பசிக்கிறது என்றால்
ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்களாம்.
படித்தபோது நினைத்துக்கொண்டேன்:
ஊர் முழுக்க நோயாளிகள்,
ஒருவருக்கும் காய்ச்சலில்லை.

திருத்தி அனுப்பினேன். ஹ்ரெய்தர் பழையபடி மாற்றினார்.
'சனங்கள் இப்படித்தானே பேசுகிறார்கள், சிக்யார்லாயிக்.
நாம் விற்பது ஐஸ்கிரீம்.'
பதினேழு பேருந்து நிறுத்தங்களில்
பிழை ஏறி உட்கார்ந்தது,
பின்னால் விளக்கெரிய.

சனிக்கிழமை இரவு
வெள்ளை ஒட்டுத்தாளும் தடித்த மார்க்கருமாகக் கிளம்பினேன்.
இந்த ஊரில் சிவப்பு விளக்கு இதய வடிவில் எரியும்.
ஆளில்லாத தெருவிலும் அதற்கு நின்று நின்று போனேன்.
விதி விதிதான்.

பத்து முடிந்தது. விரல்கள் யாருடையவோ ஆகிவிட்டன.
பதினொன்று, மருத்துவமனை வாசல்.
ஒட்டி, தாளை நீவிவிட்டபோதுதான் கண்டேன்
கண்ணாடியின் கீழோரத்தில், நீல மையில்,
பழகாத கையின் பதிலை:

'எனக்கு ஏங்குகிறது. வீட்டுக்கு.'

ஓர் எழுத்தின் மேல்
போலந்துக்காரர்கள் போடும் குறுக்குக் கோடு,
போட்டு, பின் கட்டைவிரலால் துடைத்திருந்தது.
இரவுப்பணியில் தரை துடைப்பவரோ,
மூன்றாம் மாடியில் படுத்திருப்பவரோ.
இந்த 'எனக்கு' எங்கே கிடைத்திருக்கும்?
எங்கள் வாயிலிருந்துதான்.
இதே பலகையிலிருந்துதான்.

மார்க்கர் மூடியைப் பல்லால் கழற்றினேன்.
இரண்டெழுத்து. அவ்வளவுதான்.
உன்னையா,
உனக்கா?

மூடிவிட்டேன்.

ஆனால் இப்போது கேள்வி இரண்டாம் வேற்றுமையில்,
பதில் நான்காம் வேற்றுமையில்.
நான் திருத்தியதால்தான் அது பிழையாகத் தெரிகிறது.
நகத்தால் என் ஒட்டுத்தாளைச் சுரண்டினேன்.
குளிரில் பசை இறுகி
கிழிந்து கிழிந்து வந்தது, கால் மணி நேரம்.
'உனக்கு' மறுபடி வெளிச்சத்தில் நின்றது,
கொஞ்சம் பிசுபிசுப்போடு.

மிச்சம் ஆறையும் முடித்துவிட்டுத்தான் வீடு போனேன்.
ஆகப் பதினாறு.
மருத்துவமனை வாசலில் ஒன்று விட்டுப்போயிற்றே
என்று யாராவது கேட்டால்
கண்ணில் படவில்லை என்பேன்.