ஒன்றரை வோல்ட்

துக்ம் கடற்கரை, வெள்ளிக்கிழமை மதியம்.
கமீஸின் வேனுக்குள் மல்லாந்து கிடக்கிறேன்,
நெஞ்சின் மேல் மல்டிமீட்டர்.

"ஃப்ரிட்ஜ் கரண்டைக் குடிக்கிறது.
ராத்திரி மூன்று மணிக்கு எல்லாம் கலாஸ்.
மீன் நாறுகிறது."
பேட்டரியை இரண்டு தடவை மாற்றிவிட்டாராம்.

காதை வைத்தேன்.
கம்ப்ரசர் முக்குகிறது, முனகுகிறது,
விட்டுவிடுகிறது.
கொஞ்சம் கழித்து மறுபடியும்.
குடிகாரன் இப்படி முக்க மாட்டான்.
பட்டினி கிடப்பவன்தான்.

பேட்டரி முனையில் பன்னிரண்டு புள்ளி ஆறு.
ஃப்ரிட்ஜின் பின்னால் பதினொன்று புள்ளி ஒன்று.
நடுவில்
ஆறு மீட்டர் ஸ்பீக்கர் ஒயர்.
தொட்டால் வெதுவெதுப்பு.
மே மாதத்து ஓமானுக்குச்
சூடு போதாதென்று
இதுவும் தன் பங்குக்கு.

நான் அனுப்புவது ஒரு தொகை.
நாசரேத்தில் ஜெபக்கனி எண்ணுவது வேறொன்று.
பதினோரு வருடமாக
ஏஜென்டைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.
தூரமும் தின்னும் என்று
இந்த ஒயரைப் பார்க்கும்வரை தோன்றவில்லை.

தடித்த ஒயர் இழுத்து, முனைகளை நசுக்கி,
ஃப்யூஸைப் பேட்டரி பக்கத்தில் வைத்தேன்.
ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது.

கமீஸ் உள்ளே கைவிட்டு
ஒரு லபன் பாட்டிலை எடுத்து நீட்டினார்.
இன்னும் குளிரவில்லை.
குடித்தேன்.